விளக்கமறியலின் விலை: நியூ லின் தமிழர்கள் பார்க்கவேண்டிய ஒரு கணக்கு

2024ஆம் ஆண்டு மே மாதம் நியூசிலாந்து அரசு முன்வைத்த வரவு செலவுத் திட்டம் சிக்கனத்தின் பெயரால் வந்தது. அரச திணைக்களங்கள் பலவும் ஆறரை முதல் ஏழரை விழுக்காடு வரை செலவைக் குறைக்கவேண்டும் எனப் பணிக்கப்பட்டிருந்தன. வெலிங்ரனில் ஆயிரக்கணக்கான அரச பணியிடங்கள் இல்லாமற் போயின. அதே திட்டத்தில், சிறைச்சாலைகளை நடத்தும் சீர்திருத்தத் திணைக்களத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கென 1.9 பில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. வைக்காட்டோ பகுதியிலுள்ள வைக்கேரியா சிறைக்கு மேலும் 810 படுக்கைகளும், நூற்றுக்கணக்கான புதிய அலுவலர்களும் அதனுள் அடக்கம். விளக்கமறியலில் உள்ளோருக்கும் புனர்வாழ்வுப் பயிற்சிகளை விரிவுபடுத்துவதற்கென அதிற் பிரித்து வைக்கப்பட்டது 78 மில்லியன். சிறைக்கெனப் புதிதாக எடுத்துவைத்த ஒவ்வொரு நூறு டொலரிலும் ஏறத்தாழ நான்கு டொலர்.

இந்த நான்கு டொலரின் கதை ஒக்லண்டின் வேறெந்தப் பகுதியையும் விட நியூ லின்னுக்கு நன்கு விளங்கவேண்டியது. அங்கு வாழும் தமிழர்களுக்கோ இன்னும் நன்றாக.

2021 செப்ரெம்பர் 3ஆம் நாள். பெருந்தொற்றின் முடக்கக் காலம். கிளென் ஈடனில் தங்கியிருந்த ஒருவர் தொடரூந்தில் ஏறி நியூ லின்னில் இறங்கினார். லின்மோல் வணிக வளாகத்தின் பேரங்காடிக்குள் நுழைந்தார். அடுக்கிலிருந்த கத்தியொன்றை எடுத்து, பொருள் வாங்க வந்தவர்களைக் குத்தினார். அவரைப் பின்தொடர்ந்து வந்த காவல்துறையினர் அவ்விடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றனர். காயமுற்றவர்கள் அனைவரும் உயிர் பிழைத்தார்கள் என்பது ஒன்றே ஆறுதல். தாக்கியவர் கிழக்கிலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்தவர், தமிழ் பேசுபவர், 2011இல் மாணவராக வந்து 2013இல் அகதியாக ஏற்கப்பட்டவர். அவரது பெயரை இங்கு சொல்லவேண்டிய தேவையில்லை.

சொல்லவேண்டியது வேறொன்று உண்டு. அன்றைய நாளுக்கு முந்திய ஏழு வாரங்கள் வரை அவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைச் சிறையிற் கழித்திருந்தார். தண்டனைக் கைதியாக அன்று, பெரும்பாலும் விளக்கமறியற் கைதியாக. 2021 யூலையில் நீதிமன்றம் அவருக்கு விதித்தது ஓராண்டு மேற்பார்வைத் தண்டனை மட்டுமே. தடைசெய்யப்பட்ட பரப்புரைப் பொருட்களை வைத்திருந்ததற்கான அக்குற்றத்துக்கு அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே அதிகம். எனவே கதவு திறந்தது. வெளியே வந்தவரை இரவும் பகலும் கண்காணிக்க ஒரே வேளையில் முப்பது வரையிலான காவல்துறையினர் தேவைப்பட்டனர்.

2022 டிசெம்பரில் மூன்று சுயாதீனக் கண்காணிப்பு அமைப்புகள் கூட்டாகச் செய்த மீளாய்வு வெளியாயிற்று. காவல்துறையின் கண்காணிப்பையும் அன்றைய நடவடிக்கையையும் அது குறைகூறவில்லை. ஆனால் சிறையிலிருந்த ஆண்டுகளில் அம்மனிதரின் உளநலத்துக்கும் புனர்வாழ்வுக்கும் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று அது கண்டது. அவரும் எளிதில் ஒத்துழைத்தவர் அல்லர், உளவியல் மதிப்பீட்டை மறுத்தவர். ஆகவே பயிற்சி கொடுத்திருந்தால் அவர் திருந்தியிருப்பார் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. எனினும் ஒரு கணக்கு மட்டும் தெளிவு. மூன்று ஆண்டுச் சிறைச்செலவு, அதன்பின் முப்பது பேரின் கண்காணிப்புச் செலவு, இறுதியில் நியூ லின் மக்களின் குருதி. இத்தனைக்கும் நடுவே அவரை மாற்ற முயல்வதற்கென இருந்த மூன்று ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்தன.

அந்நாளுக்குப் பின் தமிழ் வீடுகளில் இருவிதப் பேச்சுகள் எழுந்தன. ஒன்று, அவர் முஸ்லிம், அவருக்கும் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று விலகிக்கொள்வது. மற்றது, இப்படிப்பட்டவர்களை வாழ்நாள் முழுவதும் பூட்டிவைக்க வேண்டும் என்பது. முதலாவது நேர்மையானதன்று. ஒரே மொழியும் ஒரே அகதிப் பாதையும் ஒரே குடிவரவுப் படிவங்களும் உள்ளவரை, பேரங்காடியில் எதிரே வரும் வெள்ளையர் அந்த வேறுபாட்டைக் கேட்டறிந்துகொண்டு முகம் திருப்பப்போவதில்லை. இரண்டாவது பேச்சு சற்று நின்று ஆராயத்தக்கது. ஏனெனில் அதுவே இன்று தேர்தல்களில் வாக்காக மாறுகிறது.

அவ்வாறு வாக்களிப்போரைக் குறைசொல்வதும் எளிதன்று. மேற்கு ஒக்லண்டிலும் சாண்ட்றிங்கத்திலும் மவுண்ட் றொஸ்கிலிலும் டெயரி எனப்படும் மூலைக்கடைகளையும் மதுக்கடைகளையும் நடத்துவோரிற் பலர் தெற்காசியர். 2022இல் காரால் கடைமுகப்பை இடித்துப் புகும் கொள்ளைகள் பெருகியபோது அவர்களின் உறக்கம் போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் சாண்ட்றிங்கம் டெயரி ஒன்றில் பணிபுரிந்த இந்திய இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அச்சத்தோடு நிற்கும் ஒரு தந்தையிடம் சிறைச்செலவைக் குறைப்பதைப் பற்றிப் பேசினால் அவர் சினப்பது இயல்பு. ஆயினும் அவர் செலுத்தும் வரிப்பணத்துக்கு அவருக்குக் கிடைப்பது என்ன என்ற வினா அவருடையதுதான்.

2018இலேயே ஒரு கைதியை ஓராண்டு சிறையில் வைத்திருக்க 100,000 டொலருக்கு மேற் செலவாயிற்று. இன்று அத்தொகை இன்னும் உயர்ந்துள்ளது. நியூ லின்னில் முழுநேர வேலை செய்யும் பல குடும்பத் தலைவர்களின் ஆண்டு வருமானத்தை விட அது அதிகம். இதை முதலில் உரத்துச் சொன்னவர்கள் இடதுசாரிகள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 2011இல் நிதியமைச்சராக இருந்த தேசியக் கட்சியின் பில் இங்கிலிஷ், சிறைகளை ஒழுக்க அடிப்படையிலும் நிதி அடிப்படையிலும் ஒரு தோல்வி என்று வெளிப்படையாகவே கூறினார். கருவூலத்தின் திறப்பைக் கையில் வைத்திருந்த பழமைவாதி ஒருவர் அவ்வாறு சொன்னது அன்று பெருஞ் செய்தி. 2018 மார்ச்சில் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் சேர் பீற்றர் குளுக்மன் வெளியிட்ட அறிக்கையும் இதையே தரவுகளோடு நிறுவிற்று. குற்றங்கள் குறைந்துவந்த காலத்திலேயே சிறையினர் தொகை ஏறியது, அதை ஏற்றியவை சட்ட மாற்றங்களும் அரசியலுமே என்பது அதன் சாரம்.

அந்தச் சட்ட மாற்றங்களுள் முதன்மையானது பிணை பற்றியது. இங்குதான் தமிழருக்கு மிகப் பழக்கமான ஒரு சொல் வருகிறது.

வழக்கு விளங்கும் வரை மறித்து வைப்பது விளக்கமறியல். ஈழத்தமிழ்க் குடும்பங்களில் இச்சொல்லை அகராதி பார்த்து எவரும் கற்கவில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடித்துச் செல்லப்பட்டு, பத்தாண்டு கடந்தும் தீர்ப்பின்றி மகசீன் சிறையிலும் அனுராதபுரத்திலும் கிடந்தவர்களின் தாய்மாரிடமிருந்து கற்றார்கள். 1983 யூலை 25இலும் 27இலும் வெலிக்கடையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளுட் பலர் எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாதவர்கள். குற்றம் நிறுவப்படாத ஒருவரின் காலத்தை அரசு எடுத்துக்கொண்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்பதைத் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

நியூசிலாந்து சிறீலங்கா அன்று. இங்கு நீதிமன்றம் சுயாதீனமானது, கைதிக்குச் சட்டத்தரணி உண்டு, முறையிட இடமுண்டு. ஆனால் எண்ணிக்கை ஒரு திசையிலேயே போகிறது. 2010களின் தொடக்கத்தில் சிறையிலிருந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே விளக்கமறியலில் இருந்தார். இன்று ஐவரில் இருவருக்கும் மேல். 2013இன் பிணைச் சட்டத் திருத்தம், பாரிய குற்றச்சாட்டுகள் சிலவற்றில், பிணை ஏன் மறுக்கப்படவேண்டும் என்று காட்டும் பொறுப்பை அரச தரப்பிடமிருந்து எடுத்து, பிணை ஏன் தரப்படவேண்டும் என்று காட்டும் பொறுப்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில் வைத்தது. அதன்பின் நீதிமன்றங்களின் தாமதமும் சேர்ந்துகொண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் தேங்கிய வழக்குகள் அதை இன்னும் நீட்டின.

விளக்கமறியற் கைதிக்குச் சிறையில் நேர்வது என்ன என்பதைப் பெற்றோர் பலர் அறியார். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் குற்றமற்றவர். ஆகவே, செய்யாத குற்றத்துக்கு அவரைத் திருத்துவது எப்படி என்ற நியாயத்தில், தண்டனைக் கைதிகளுக்கு உள்ள பயிற்சிகளிற் பல அவருக்கு நெடுங்காலமாகக் கிடைக்கவில்லை. எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாததால் தொழிற்கல்வியிலும் சேர்ப்பது கடினம். நாளின் பெரும்பகுதி பூட்டிய அறைக்குள். வேலை போய்விடும், வாடகை வீடு போய்விடும், கடன் தவணை தவறும். ஈற்றில் தீர்ப்பு வரும்போது, கழித்த காலமே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு அன்றே வெளியேற்றப்படுவோரும் உண்டு. படிப்படியான விடுவிப்பு ஏதுமின்றி, ஒரு பிளாஸ்ரிக் பையோடு தெருவுக்கு வருகிறார்கள். குற்றமற்றவர் என்ற மதிப்பும் முழுமையாக இல்லை, குற்றவாளிக்குரிய சிகிச்சையும் இல்லை. அரசு இதற்கே மிகுந்த விலை கொடுக்கிறது.

செலவைக் குறைப்பது என்றவுடன் ஆட்சியாளர் மனத்தில் முதலில் தோன்றுவது கைதியின் தலைக்கான செலவைக் குறைப்பதே. நியூசிலாந்து அதையும் செய்து பார்த்துவிட்டது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஒருவருக்கென அமைந்த அறையில் இருவரைப் போடும் முறை விரிவாக்கப்பட்டது. றிமுற்றாக்கா சிறையில் கப்பற் கொள்கலன்களைக் கொண்டு அறைகள் கட்டப்பட்டன. 2011இல் ஒக்லண்டின் மவுண்ட் ஈடன் சிறை சேர்கோ என்னும் பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மேற்கு ஒக்லண்டில் பிணை மறுக்கப்படும் ஆண்கள் பெரும்பாலும் அனுப்பப்படும் இடம் மவுண்ட் ஈடன்தான் என்பதால் இது நியூ லின்னுக்கு அயலூர்ச் செய்தியன்று. 2015 யூலையில் அங்கு கைதிகள் ஒழுங்கமைத்து நடத்திய அடிதடிகளின் காணொளிகள் வெளிவந்தன. அரசு உடனே நிர்வாகத்தைத் திருப்பி எடுக்கவேண்டியதாயிற்று. வீரியிலுள்ள தென் ஒக்லண்ட் சிறையை அதே நிறுவனம் இன்றும் நடத்துகிறது என்பது வேறு கதை.

வைக்கேரியாவில் நடந்தது இதைவிட மோசம். அங்குள்ள பழைய உயர்பாதுகாப்புப் பகுதியின் நெருக்கடியையும் நிலைமைகளையும் 2020 ஓகஸ்ட்டில் வெளியான தலைமை ஒம்புட்ஸ்மனின் அறிக்கை கடுமையாகச் சாடியிருந்தது. திருத்தப் பணமில்லை, புதிய கட்டடம் வரும்வரை பொறுக்கலாம் என்ற போக்கே நிலவியது. 2020 டிசெம்பர் 29இல் குடிநீர் உட்பட்ட நிலைமைகளை முன்வைத்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். ஆறு நாட்களின் பின் அவர்கள் சரணடைந்தபோது கட்டடம் எரிந்து முடிந்திருந்தது. மிச்சம்பிடித்த பணம் எல்லாம் சாம்பலாயிற்று.

மற்றொரு வழி கைதிகளின் எண்ணிக்கையையே குறைப்பது. அதுவும் இந்நாட்டில் நடந்தது, அதுவும் பெரும் ஆரவாரமின்றி. 2018 மார்ச்சில் சிறையினர் தொகை 10,800ஐ எட்டி, நாடு அதுவரை காணாத உச்சத்தில் நின்றது. 2022 தொடக்கத்தில் அது 7,700 அளவுக்கு இறங்கியிருந்தது. மூவாயிரம் பேர் அளவில் குறைவு. வைக்கேரியாவில் 3,000 பேருக்கெனத் திட்டமிட்டிருந்த பெருஞ் சிறையை 2018 யூனில் அரசு கைவிட்டு, 500 படுக்கைகளும் உளநலச் சிகிச்சைக்கென 100 படுக்கைகளும் போதும் என்று முடிவெடுக்க முடிந்தது.

இந்தக் குறைவு எதனால் வந்தது என்று தேடினால் கிடைக்கும் விடைகளில் ஒன்று சிரிப்பையும் வேதனையையும் ஒருங்கே தருவது. பிணை விண்ணப்பத்துக்கு, கைதி தங்கப்போகும் வீட்டாரின் தொலைபேசி எண் வேண்டும். எண் கைதியின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. கைத்தொலைபேசியைச் சிறைக்குள் நுழையும்போதே வாங்கிப் பூட்டிவைத்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் எவர் எண்களை மனத்தில் வைத்திருக்கிறார்? ஆகவே விண்ணப்பம் முடியாமலே நாட்கள் கழிந்தன. அலுவலர்கள் கைதியோடு அமர்ந்து எண்ணை எடுத்துக் கொடுத்தும், படிவத்தை நிரப்ப உதவியும், எழுத்தறிவு குறைந்தவருக்கு வாசித்துக் காட்டியும் பலரை மின்னணுக் காப்புடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். கருணை என்று இதைச் சொல்வதைவிட நிர்வாகம் என்று சொல்வதே பொருந்தும். ஒரு நாளைக்குப் பல நூறு டொலர் செலவாகும் அறையில் ஒரு தொலைபேசி எண்ணுக்காக ஒருவரை வைத்திருப்பது எந்தக் கடைக்காரருக்கும் பிடிபடாத வணிகம்.

பின்னர் காற்று திசை மாறிற்று. 2022இன் கடையுடைப்புகள், அச்சம், 2023 தேர்தல். 2010இல் வந்து 2022இல் நீக்கப்பட்ட மூன்று தடவைச் சட்டம் 2024இல் மீண்டும் நிறைவேற்றப்பட்டது. தண்டனைக் குறைப்புகளுக்கு 2025இல் உச்சவரம்பு வைக்கப்பட்டது. சிறையினர் தொகை மறுபடியும் 10,000ஐத் தாண்டியது. எண்ணிக்கை குறைந்ததாலேயே கடைகள் உடைந்தன என்பது பரவலாக நம்பப்படும் வாதம். கடைகளைக் காரால் இடித்தவர்களிற் பிடிபட்டோர் பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவர்கள் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது. அவர்கள் முதியோர் சிறைக் கணக்கில் வருபவர்களே அல்லர். வைக்கேரியாவில் ஆயிரம் படுக்கை கூடினாலும் நியூ லின் மூலைக்கடையின் கதவை இடிக்கும் பதினான்கு வயதுச் சிறுவனை அது எட்டாது.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தைக் குற்றவாளிகளுக்கு இளகியது என்று எவரும் சொல்லமாட்டார். 2007இல் அங்கு 17,000 புதிய சிறைப்படுக்கைகள் தேவைப்படும், இரண்டு பில்லியன் டொலர் செலவாகும் என்று மதிப்பிடப்பட்டது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜெரி மடனும் சனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜோன் விற்மயரும் சேர்ந்து அதைத் தடுத்து, 241 மில்லியனைப் போதைச் சிகிச்சைக்கும் சமூகக் கண்காணிப்புக்கும் திருப்பினர். 2011இல் அம்மாநிலம் தன் சிறைகளில் ஒன்றை மூடியது. பின்லாந்து இன்னும் பழைய உதாரணம். ஒருகாலத்தில் அயல் நோர்டிக் நாடுகளை விஞ்சிச் சிறையடைத்த நாடு, பல பத்தாண்டுகள் பொறுமையாகச் சட்டங்களை மாற்றியது. இன்று மக்கள்தொகை விகிதத்தில் நியூசிலாந்து அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கினரை அடைத்து வைத்திருக்கிறது. பின்லாந்தின் தெருக்கள் அதனால் அபாயமாகிவிடவில்லை.

எனினும் ரெக்சாஸ் வரை போகவேண்டிய அவசியமில்லை. நியூ லின் நிலையத்தில் தொடரூந்து ஏறினால் நான்காவது நிறுத்தம் ஹெண்டர்சன். அங்குள்ள வைற்றாக்கரே மாவட்ட நீதிமன்றத்தில் 2012 நவம்பர் முதல் மது மற்றும் போதைச் சிகிச்சை நீதிமன்றம் நடைபெறுகிறது. போதைப் பழக்கமே குற்றத்துக்குக் காரணமாயிருந்து, மூன்று ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையை எதிர்நோக்குபவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவரது தண்டனை ஒத்திவைக்கப்படும். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே நீதிபதியின் முன் நிற்கவேண்டும். முன்னறிவிப்பின்றிச் சிறுநீர்ச் சோதனை. சிகிச்சை, குழுக் கூட்டங்கள், பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்தல். பொய் சொன்னால் அகப்படும். இடையில் விழுந்தால் எழும்ப வாய்ப்புத் தரப்படும், தொடர்ந்து விழுந்தால் சிறை காத்திருக்கும். இது சிறையைவிடக் கடினம் என்று இடையில் விலகுவோரும் உண்டு. இவ்வழியே சென்றவர்கள், குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளில், மீளக் குற்றமிழைப்பது குறைவு என்று மதிப்பீடுகள் காட்டின. காலம் செல்ல அவ்வேறுபாடு சுருங்குவதும் உண்மையே. மந்திரம் எதுவுமில்லை. ஆயினும் சிறையறைக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறுதொகை.

இதில் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன என்று கேட்போர், மதுவைப் பற்றித் தமிழ் வீடுகளில் நிலவும் மௌனத்தை எண்ணிப் பார்க்கலாம். போர் தின்ற மனங்கள், இரவு வேலைகள், தனிமை, வெள்ளிக்கிழமை மாலைகள். ஊரில் பொறியியலாளராயிருந்து இங்கு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கும் மனிதர் குடித்துவிட்டு வாகனம் ஓட்டி முதல் முறை பிடிபடும்போது மனைவி மறைக்கிறார். இரண்டாம் முறை உறவினர் மறைக்கிறார்கள். மூன்றாம் முறை குற்றச்சாட்டு பெரியதாகிவிடுகிறது. குடியுரிமை பெறாது வதிவிட அனுமதியில் மட்டும் இருப்பவருக்குச் சில தீர்ப்புகள் நாடுகடத்தலையே கொண்டுவரக்கூடும். மானத்தைக் காக்க மறைத்தது கடைசியில் குடும்பத்தையே இரண்டாகப் பிரிக்கிறது. இவர்களைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் நீதிமன்றம் நான்கு நிறுத்தங்களுக்கு அப்பால் இருந்தும், அப்படியொன்று இருப்பதைத் தமிழ்ச் சங்கங்களின் எத்தனை கூட்டங்களில் எவர் சொன்னார்?

இளையோர் விடயத்திலும் அப்படியே. 1989ஆம் ஆண்டுச் சட்டம் நியூசிலாந்துக்குக் குடும்பக் கூட்டம் என்ற முறையைத் தந்தது. தவறிழைத்த சிறுவர், பெற்றோர், பெரியம்மா, சித்தப்பா, பாதிக்கப்பட்டவர், காவல்துறையினர் என எல்லோரும் ஓர் அறையில் கூடி, நடந்ததைப் பேசி, ஈடுசெய்யும் திட்டமொன்றை எழுதுவார்கள். திட்டம் நிறைவேறினால் வழக்கு பெரும்பாலும் அத்துடன் முடியும். மாவோரி மக்களின் மரபிலிருந்து பிறந்த முறை இது. பூட்டிய இல்லங்களில் அடைக்கப்படும் சிறுவர் தொகை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. 2019 யூலையிலிருந்து பதினேழு வயதினரும் பெரும்பாலும் இளையோர் நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டனர். கிளென் ஈடனுக்கு அருகிலுள்ள ஹோவானி வைற்றிற்றி மராயேயில் மாவோரி முறைப்படி அமரும் இளையோர் நீதிமன்றமும் உண்டு.

ஊர்ப் பெரியவர்கள் ஆலமரத்தடியில் வழக்குத் தீர்த்த கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழும் தமிழ்ப் பெற்றோர், தம் பிள்ளைக்கே அத்தகைய கூட்டம் ஒழுங்காகும்போது உறவினருக்குத் தெரியக்கூடாது என்று தனியே போய் அமர்கிறார்கள். எதிரே சாய்வு நாற்காலிகள் வெறுமையாக இருக்கின்றன. பிள்ளையைத் தாங்க எத்தனை பேர் உளர் என்பதை வைத்தே அந்த அறையில் திட்டம் எழுதப்படுகிறது. ஒரு மாமாவாவது வந்திருந்தால் எழுதப்படும் திட்டம் வேறாக இருக்கும். இங்கு பிறந்த பிள்ளைகள் இம்முறையைப் பள்ளியில் கேட்டறிந்திருப்பார்கள். பெற்றோருக்கு அதை விளக்கவேண்டியவர்களும் அவர்களே.

மாவோரிகள் இந்நாட்டு மக்கள்தொகையில் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவு. சிறையில் இருப்போரில் பாதிக்கு மேல் அவர்களே. 1988இலேயே மோவானா ஜக்சன் என்ற மாவோரிச் சட்டவறிஞர் இதற்கான காரணங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தார். தம் மண்ணிலேயே தம் பிள்ளைகள் சிறை நிரப்பப்படுவதை அறிந்த இரு மக்கள் கூட்டங்கள் ஒரே புறநகரில் அருகருகே வாழ்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கடைக்குள் நுழையும் ஆபத்தாக மட்டும் பார்ப்பது, உரிமைப் போராட்டத்தின் பெயரால் ஒவ்வோராண்டும் யூலையில் மெழுகுவர்த்தி ஏற்றும் சமூகத்துக்குப் பொருந்தாத ஒன்று.

தமிழ் அமைப்புகள் செய்யக்கூடியது பெரிய கொள்கை மாநாடு எதுவுமன்று. சிறைக்குப் போகாமல் இருப்பதற்குத் தேவைப்படுவது பலவேளைகளில் ஒரு முகவரியே. மனைவியின் முறைப்பாட்டின் பேரில் கைதான கணவர் அதே வீட்டுக்குத் திரும்பமுடியாது, திரும்பவும் கூடாது. அவருக்குப் புகலிடம் தர உறவினர் முன்வராவிட்டால் பிணை இல்லை. தனியே வந்த மாணவருக்கும் அவ்வாறே. பொறுப்புள்ள இரு வீடுகளையாவது இத்தகைய தேவைக்கென முன்கூட்டியே ஒழுங்கு செய்துவைத்திருக்கும் சங்கம், அந்தக் குடும்பத்துக்கும் அரசின் கருவூலத்துக்கும் ஒரே வேளையில் உதவுகிறது. பாதிக்கப்பட்ட மனைவிக்கும் அது பாதுகாப்பு. அவர் எங்கிருக்கிறார் என்பது தெரியும், காற்காப்பு அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஹெண்டர்சன் நீதிமன்றத்துக்கு முதல் நாள் வருபவருக்குக் கடமைச் சட்டத்தரணி கட்டணமின்றிக் கிடைப்பார். குற்றவழக்கில் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே தன் செலவில் ஒழுங்கு செய்யும். முன்கூட்டிக் கேட்கவேண்டும், அவ்வளவே. ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்ற கூச்சத்தில் பலர் கேட்பதில்லை, விளங்காத கேள்விக்கும் ஆம் என்று தலையாட்டிவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு முன் அந்தக் கூடத்தில் கோப்புகளோடு நடந்து வரும் கடமைச் சட்டத்தரணி, பெயரைச் சரிபார்த்த பின் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: பிணை கிடைத்தால் இன்றிரவு எந்த முகவரியில் தங்குவீர்கள், அங்கிருப்பவரின் தொலைபேசி எண் என்ன?